பழைய பில்டர்களும் மிகுபொருள் விரும்பாமையும்

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நிலம், மனை, பொன், வெள்ளி, தானியம் ஆகியவற்றையே எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். புறப்பற்றைப் பத்தாக வகுத்த அறநூல்களும் இத்தகையவற்றையே எண்ணிக் காட்டுகின்றன. ஆனால், இன்று நம் குடும்பங்களுள் பலவற்றில் அளவிறந்த நிலமும் இல்லை. நிரம்பி வழியும் நெற்குதிரும் இல்லை. மிகுந்து கிடப்பவை சிறு பொருள்களே. அலமாரியின் அடித்தட்டிலும், பரணிலும், கட்டிலுக்குக் கீழுள்ள பெட்டியிலும், "என்றேனும் உதவும்" என்னும் ஒரு சொல்லின் துணையால் அவை ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கின்றன. விலை மிகுந்த பொருளுக்கு எல்லை வகுக்க முற்படும் நாம், இச்சிறு பொருள்களை விரதத்தின் எல்லைக்குள் கொண்டுவர எண்ணுவதே இல்லை.

அத்தகைய சிறு பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு சிந்திப்போம். புகைப்படக் கருவியின் லென்ஸ் முகப்பில் திருகிப் பொருத்தும் பில்டர் என்னும் வடிகட்டியே அது. பழைய டிஜிட்டல் கேமராவை மாற்றிப் புதியது ஒன்று வாங்குகிறோம். பழைய கருவியோடு சேர்ந்த எட்டுப் பத்து பில்டர்கள் பெட்டியில் இருக்கின்றன. அவற்றுள் சில, படச்சுருள் காலத்திலேயே நம் தந்தையர் வாங்கியவை. அவற்றை வைத்துக்கொள்வதா? பிறருக்குக் கொடுத்துவிடுவதா? கேட்பதற்கு எளிய வினாதான். ஆயினும், இல்லறத்தான் பொருளோடு கொள்ளும் உறவின் பெரும்பகுதி இதனுள் அடங்கியிருக்கிறது.

பொருளின் இயல்பை அறிதல்

ஒரு பொருள் வேண்டுவதா, வேண்டாததா என்று தீர்மானிப்பதற்கு முன் அது எதற்காக உண்டாயிற்று என்பதை அறியவேண்டும். அறியாமல் வைத்திருப்பது எவ்வாறு பேதைமையோ, அவ்வாறே அறியாமல் எறிவதும் பேதைமையாம்.

படச்சுருள் தன் மேல் விழும் ஒளியை அப்படியே ஏற்கும். நம் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரையும் அது பதிவு செய்துவிடும். அதனால் தொலைவிலுள்ள மலைகள் நீலம் பூத்து மங்கித் தோன்றும். இதனைத் தடுக்கவே யு.வி. பில்டர் தோன்றியது. பகலொளிக்கென்று அமைந்த வண்ணச் சுருளை மின்குமிழின் ஒளியில் பயன்படுத்தினால் படம் முழுவதும் செம்மஞ்சளாகிவிடும். அதனை நேர் செய்ய 80ஏ என்னும் நீல பில்டர் வேண்டியிருந்தது. அது வரும் ஒளியில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தானே விழுங்கிக்கொண்டு காற்பங்கையே உள்ளே விடும். விளக்கொளிக்கென்று அமைந்த சுருளை வெயிலில் பயன்படுத்த 85பி என்னும் செம்பழுப்பு பில்டர் உதவியது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பில்டர்கள் வானத்தின் நீலத்தைப் படிப்படியாக இருட்டாக்கி மேகத்தை எடுத்துக்காட்டும். உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' சுருளைப் பயன்படுத்திய நம் முந்தைய தலைமுறையினர் பலர், மஞ்சள் பில்டர் ஒன்றையும் பெட்டியில் வைத்திருந்ததன் காரணம் இதுவே. இதன் ஆற்றலைக் குறைவாக மதிப்பிட வேண்டா. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் பில்டர் கொண்டு படமெடுத்தார். தம் மனத்தில் தோன்றிய காட்சி அதில் வாராது என்று உணர்ந்து, எஞ்சியிருந்த கடைசித் தகட்டில் அடர்சிவப்பு பில்டரைப் பொருத்தி மீண்டும் எடுத்தார். வானம் கருத்து, பாறை ஓங்கி நின்ற அப்படமே புகழ் பெற்றது.

எஞ்சியிருப்பவை எவை?

டிஜிட்டல் கேமராவில் நிலைமை வேறு. அதன் ஒளியுணர் தகட்டின் முன்னுள்ள கண்ணாடி அடுக்கே புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஒளியின் நிறத்தை நேர் செய்யும் பணியை ஒயிட் பேலன்ஸ் என்னும் அமைப்பு கருவிக்குள்ளேயே செய்துவிடுகிறது. பெரும்பாலான கேமராக்களில் தகட்டின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றனுள் ஒரு நிறத்தின் நுண்ணிய வடிகட்டி அமைந்திருக்கிறது. ஆதலால், மூன்று நிறங்களும் தனித்தனியே பதிவாகின்றன. சிவப்பு பில்டரால் கிட்டும் இருண்ட வானத்தை, படமெடுத்த பின் வீட்டில் அமர்ந்தபடியே உண்டாக்கலாம். மாறாக, அக்கருவியின் முன் சிவப்பு பில்டரை மாட்டினால், நான்கில் ஒரு பங்காக உள்ள சிவப்புப் புள்ளிகளே செவ்வனே பணி செய்யும். ஏனையவை பெரிதும் வாளாவிருக்கும். ஆக, பில்டர் அழிந்துவிடவில்லை. புறத்தே இருந்தது அகத்தே சென்றுவிட்டது.

ஆயினும் எல்லாப் பணிகளையும் கருவி மேற்கொண்டுவிடவில்லை. நீரின் மேலும், இலையின் மேலும், கண்ணாடிச் சட்டத்தின் மேலும் மின்னும் ஒளியை விலக்குவது போலரைசர். மின்னலில் மறைந்துபோன விவரம் படத்தில் பதிவாகவே இல்லையாதலின், பின்னர் எந்தத் திருத்தத்தாலும் அதனை முழுமையாக மீட்க இயலாது. பளபளப்பான உலோகத்தின் மீது மட்டும் இதன் ஆற்றல் செல்லாது. செப்புத் திருமேனிகளைப் படமெடுக்க விரும்புவோர் இதனை நம்பிப் பயனில்லை. விளக்கின் திசையை மாற்றியே கூசும் ஒளியைத் தவிர்க்கவேண்டும்.

ஒளியின் நிறத்தை மாற்றாமல் அளவை மட்டும் குறைக்கும் என்.டி. பில்டரும் இன்றளவும் பயனுடையதே. என்.டி.8 என்பது எட்டில் ஒரு பங்கு ஒளியையே உள்ளே விடும். உச்சி வெயிலில் தேர்த் திருவிழாவை வீடியோ எடுப்போர், நொடிக்கு 25 சட்டம் என்ற வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொரு சட்டத்துக்கும் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு நொடி ஒளி விடுவது வழக்கம். அவ்வளவு நேரத்துக்கு அவ்வெயில் மிகுதி, ஆதலால் என்.டி. இன்றியமையாததாகிறது.

யு.வி. பில்டரை லென்ஸுக்குக் காப்பாக வைத்திருக்கிறோம் என்பர் சிலர். கடற்கரை மணலிலும் தூசி மிகுந்த வழிகளிலும் அது உண்மையே. ஆனால், மேற்பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் நூற்றில் நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். வீர நிர்வாண நாளாம் தீபாவளியன்று தீப வரிசையைப் படமெடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுடருக்கும் எதிரே ஒரு பொய்ச்சுடர் படத்தில் மிதக்கக் காணலாம். காப்பு என்று பூண்டதே காட்சியைக் கெடுக்கிறது. தேவையான இடத்தில் அணிந்து, தேவையற்ற இடத்தில் கழற்றுவதே அறிவுடைமை.

ஒரே பொருள், பல நோக்கு

போலரைசரில் இருவகை உண்டு. பழைய கைமுறைக் கேமராக்கள் பலவற்றுக்கு நேர்வகை போதுமானதாக இருந்தது. பின்னர், தானே குவியம் காணும் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் வந்தன. அவற்றினுள் ஒளியைப் பகுக்கும் அரைக் கண்ணாடி இருந்தமையால் நேர்வகை அங்கே ஒளி அளவீட்டையும் குவியத்தையும் பிறழச் செய்தது, வட்டவகை வேண்டியதாயிற்று. பலர் நேர்வகையைப் பயனற்றது என்று ஒதுக்கினர். இன்றோ மிரர்லெஸ் கேமராவில் அந்த அரைக் கண்ணாடியே இல்லை. ஒதுக்கப்பட்ட நேர்வகை, பெரும்பாலான மிரர்லெஸ் கருவிகளில் மீண்டும் நன்கு பணி செய்கிறது.

"இது பயனற்றது" என்ற கூற்று ஒரு நோக்கில் மெய். மற்றொரு நோக்கில் மெய்யன்று. பயன் என்பது பொருளில் மட்டும் இருப்பதன்று. பொருள், கருவி, காலம், பயன்படுத்துவோன் ஆகியவற்றின் சேர்க்கையில் இருப்பது. அநேகாந்தம் இதனை நமக்கு என்றோ கற்பித்துவிட்டது. ஆயினும் இவ்வுண்மையைச் சாக்காகக் கொண்டு, "எல்லாம் எந்நாளேனும் பயன்படலாம், ஆதலால் எதனையும் விடமாட்டோம்" என்று கூறுவது அநேகாந்தம் ஆகாது, அது பற்றுக்கு நாம் பூட்டும் அணிகலனே ஆகும். நம் கையில் பயனற்றது பிறர் கையில் பயனுடையதாகும் என்பதும் அதே உண்மையின் மற்றொரு பக்கமன்றோ?

பற்று எங்கே இருக்கிறது?

உமாஸ்வாமி ஆசாரியர் தம் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்துக்கு இலக்கணம் கூறுமிடத்து, பொருளைச் சுட்டாமல் மூர்ச்சையைச் சுட்டினார். மூர்ச்சையாவது 'எனது' என்னும் மயக்கம். புறப்பற்று பத்து, அகப்பற்றோ பதினான்கு. ஆதலால், பில்டர் பத்து இருப்பதா, இரண்டு இருப்பதா என்பது வினாவின் பாதியே. அவற்றை விடும்போது நம் உள்ளம் ஏன் தயங்குகிறது என்பது மறுபாதி.

தயக்கத்துக்குக் காரணங்கள் சில உள. முதலாவது, கொடுத்த விலை. ஆனால், செலவிட்ட பணம் பெட்டிக்குள் இல்லை. அது என்றோ கடைக்காரரிடம் சென்றுவிட்டது. வைத்திருப்பதனால் அது மீளப்போவதில்லை. இரண்டாவது, எதிர்காலத்தைப் பற்றிய அச்சம். அகப்பற்றுப் பதினான்கனுள் அச்சமும் ஒன்று என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். மூன்றாவது, நினைவு. தந்தையார் வாங்கியது என்ற எண்ணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அவருடைய பார்வையும் உழைப்பும் அவர் எடுத்த படங்களில்தாம் இருக்கின்றன. அப்படங்களோ பல வீடுகளில் ஆல்பத்துக்குள் ஒட்டிக்கொண்டு வண்ணம் மங்குகின்றன. அவற்றைப் பிரித்தெடுத்துப் பேணுவது, பத்து பில்டர்களைப் பூட்டி வைப்பதைவிட அவருக்குச் செய்யும் நன்றியாகும். நினைவுக்கென்று ஒன்றை வைத்துக்கொள்வது குற்றமன்று. ஆனால், அதனையும் நம் உடைமைக் கணக்கில் சேர்த்து எண்ணவேண்டும்.

"நம் முன்னோர் கயிற்றுத் துண்டையும் எறியாமல் காத்தனரே, அது சிக்கனமன்றோ?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், முன்னோர் காத்த கயிறு அடுத்த அறுவடைக்குள் ஒரு கட்டைக் கட்டிவிடும். அவர்களுடைய சேமிப்பு பயனுக்கு முந்திய ஓய்வு. நம்முடைய சேமிப்போ பயன் முடிந்த பின்னும் நீளும் சிறை. அந்தச் சிறையிலும் பொருள் கேடின்றி இருப்பதில்லை. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றிலும் மழைக்கால இருட்டிலும் கண்ணாடியின் மேல் பூஞ்சை படர்கிறது. அதே பெட்டியிலுள்ள நல்ல லென்ஸையும் அது பற்றக்கூடும். பூஞ்சையும் ஓரறிவுயிரே. கவனமின்மையால் அதனைத் தோன்றச் செய்து, பின் மருந்திட்டுத் துடைத்து அழிப்பது, தேவையற்ற இம்சைக்கு நாமே வழிவகுப்பதாகும்.

மறுபுறம், ஆராயாமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, ஆறு மாதங்களில் போலரைசர் வேண்டுமென்று மீண்டும் கடைக்குச் செல்வதும் துறவாகாது. புதிதாக ஒரு கண்ணாடியை உருக்க உலை எரியவேண்டும், மண் தோண்டப்படவேண்டும். இருப்பதை அறிந்து பயன்படுத்துவதும் அஹிம்சையின் ஒரு கூறேயாம். அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. 77 மில்லிமீட்டர் பில்டரை, இணைப்பு வளையம் ஒன்றின் உதவியால் 52 மில்லிமீட்டர் லென்ஸிலும் பொருத்தலாம். 52 மில்லிமீட்டர் பில்டரை 77 மில்லிமீட்டர் லென்ஸில் பொருத்தினால் படத்தின் ஓரங்கள் இருண்டுவிடும். பெரியது சிறியதற்கு உதவும். சிறியது பெரியதற்கு உதவாது. ஆகவே, பெரிய அளவிலான போலரைசரையும் என்.டி.யையும் வைத்துக்கொண்டு, சிறிய லென்ஸ் நம்மிடம் இல்லையெனில் சிறியவற்றை வழங்கிவிடுதல் பொருத்தமாகும்.

ஜெலட்டினும் தோலுறையும்

நம் இல்லத்தார்க்கு இதில் தனிப்பட்ட ஒரு வினாவும் எழுகிறது. பழைய வடிகட்டிகளுள் ஒருவகை, சாயமேற்றிய மெல்லிய ஜெலட்டின் ஏடுகளால் ஆனது. ஜெலட்டின், விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. படச்சுருளின் மேற்பூச்சும் ஜெலட்டினே. அவ்வகையில் டிஜிட்டல் முறை நம் நெஞ்சை உறுத்திய ஒன்றிலிருந்து நம்மை விடுவித்திருக்கிறது. திருகிப் பொருத்தும் வண்ணக் கண்ணாடி பில்டர்கள் பலவற்றில், கண்ணாடி உருகும்போதே நிறம் சேர்க்கப்படுகிறது. அவற்றில் இவ்வுறுத்தல் இல்லை. ஆனால், சில பில்டர்களின் பழைய உறைகள் தோலால் ஆனவை.

இவற்றை என் செய்வது? தாம் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூவழியிலும் வினை வருகிறது என்பது நம் கொள்கை. புதிதாக வாங்குவது அத்தொழிலுக்கு உடன்படுதலாகும் என்பதில் ஐயமில்லை. முன்பே வீட்டில் இருப்பதை எறிவதனால் இறந்த உயிர் மீளாது. எனினும், அதனைப் பேணிப் போற்றி அடுத்த தலைமுறைக்கு அருமைப் பொருளாகக் காட்டும்போது உடன்பாடு புதுப்பிக்கப்படுகிறது. ஆதலால், தோலுறையை விலக்கித் துணியுறையில் இடுவதும், ஜெலட்டின் ஏடுகளை நம் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிடுவதும் நன்று என்பது நம் கருத்து. வேறு நோக்கில் கருதும் பெரியோர் எழுதுவார்களாயின் வரவேற்போம்.

கொடுக்கும் முறை

கொடுப்பதென்று துணிந்தால், யாருக்கு, எவ்வாறு என்பதும் ஆராயத்தக்கது. ஆகார தானம், சாஸ்திர தானம் முதலியவற்றோடு இதனை ஒப்பிட இயலாது. இது பாத்திர தானமும் ஆகாது. கற்க விரும்பும் ஒருவர்க்குக் கருணையாலும் தோழமையாலும் உதவுவதே இது. பழைய கேமராவையும் கொடுப்பதாயின் அதற்குரிய பில்டர்களையும் உடன் கொடுப்பதே முறை. லென்ஸ் ஒருவரிடமும் பில்டர் வேறொருவரிடமும் சென்றால் இருவர்க்கும் பயனில்லை. வண்ண பில்டர்களோ, இன்றும் கறுப்பு வெள்ளைச் சுருளில் படமெடுத்துப் பழகும் நுண்கலை மாணவர்க்குப் பெரும்பொருள்.

கீறல் இருந்தால் கீறல் உண்டென்றும், போலரைசர் நேர்வகையாயின் நேர்வகை என்றும் சொல்லியே கொடுக்கவேண்டும். விலைக்கு விற்பதும் தவறன்று. குறையை மறைத்து விற்பதே தவறு. கொல்லாமையை அடுத்து நிற்கும் பொய்யாமைக்கு இங்கே இடமுண்டு. கெட்டுப்போனதைக் கொடுத்துக் கொடையென்று பெயரிடுவது, நம் வீட்டுக் குப்பையைப் பிறர் வீட்டுக்கு மாற்றுவதே ஆகும்.

மற்றோர் எச்சரிக்கையும் கூறவேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தின் சில பகுதிகளில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அத்தகைய நாள்களில் கேமராவின் என்.டி. பில்டர் வழியே சூரியனைக் கண்ணால் நோக்கச் சிறுவர் முற்படக்கூடும். அது கண்ணைக் காக்காது. பார்வைக்குக் கேடு விளைவிக்கும். பொருளை மட்டும் கொடுத்து அதன் தீங்கைச் சொல்லாமல் விடுவது, அனர்த்த தண்ட விரதத்தில் விலக்கப்பட்ட செயல்களை நெருங்குவதாகும்.

ஓராண்டு நியமம்

ஒருமுறை நுகர்ந்தவுடன் தீர்வது போகம். மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். இவ்விரண்டுக்கும் அளவு வகுப்பதனை ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் குணவிரதங்களுள் ஒன்றாக வைத்தார். அதனை ஏற்கும் வழியையும் இரண்டாக்கினார். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். காலவரையறையோடு ஏற்பது நியமம். ஐயத்துக்கு இடமான பொருள்களுக்கு நியமமே தக்க துணை.

பில்டர்களை மேசைமேல் பரப்பி வைப்போம். புதிய கருவி தானே செய்துவிடும் பணிக்குரியவற்றையும், நம்மிடமுள்ள எந்த லென்ஸிலும் பொருந்தாதவற்றையும் இன்றே பிரித்து, பயன்கொள்வாரைத் தேடிக் கொடுப்போம். போலரைசரும் என்.டி.யும் போன்றவற்றைக் கேமராப் பையிலேயே வைப்போம். முடிவுக்கு வாராதவற்றை ஒரு சிறு பெட்டியில் இட்டு, மேலே நாளை எழுதி, ஓராண்டு நியமம் கொள்வோம். அதற்குள் எடுத்துப் பயன்படுத்தியவை நம்முடையவை. தொடாதவை பிறர்க்குரியவை, அவற்றைக் கொடுக்கும் நாள்வரை நாம் காவலர் மட்டுமே.

இவ்வளவு ஆராய்ந்த பின் மேலும் ஒன்று புலப்படும். பில்டர்கள் தாமாக மிகையாகவில்லை. நாம் கருவியை மாற்றியதனால் மிகையாயின. ஆதலால், வைப்பதா கொடுப்பதா என்னும் வினா, வாங்கும் நாளிலேயே கேட்கப்படவேண்டியது. புதிய கேமரா வேண்டுமென்று தோன்றும்போது, அதனால் எவையெவை பயனிழக்கும், அவற்றுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்து எண்ணினால், சில வேளை பழைய கருவியே இன்னும் சில ஆண்டுகளுக்குப் போதுமென்று தெளியக்கூடும். தேவையென்று தெளிந்தால் மனக்குறையின்றி வாங்கலாம். பழையதையும் மனக்குறையின்றி வழங்கலாம்.

நிலத்துக்கும் பொன்னுக்கும் எல்லை வகுக்கும் வாய்ப்பு வாழ்வில் சிலமுறையே வருகிறது. கைக்குள் அடங்கும் கண்ணாடி வளையம் போன்ற பொருள்களோ நாள்தோறும் நம்மைச் சோதிக்கின்றன. அச்சோதனையில் பழகிய கையே பெரியதை விடவேண்டிய நாளிலும் நடுங்காது. இல்லத்தோர் யாவரும், சிறப்பாக இளைஞர்கள், அடுத்த சதுர்த்தசியன்றேனும் ஓர் அலமாரியைத் திறந்து இச்சிந்தனையைத் தொடங்குவார்களாக.